ஊர் போட்ட தடை, ஊருக்குப் போட்ட தடை: உள்ளூர் மீன்வளத்தை மக்களே நிர்வகிப்பது எப்படி?

பிலிப்பைன்ஸின் நடுப்பகுதியில் சுமிலோன், ஆப்போ என்று இரண்டு சின்னத் தீவுகள் இருக்கின்றன. இரண்டையும் சுற்றிப் பவளப்பார். இரண்டிலும் மீன் காப்பிடம் உருவாக முன்னின்றவர் ஒரே அறிவியலாளர், சில்லிமன் பல்கலைக்கழகத்தின் ஏஞ்சல் அல்கலா. சுமிலோனில் 1974இல் பாரின் ஒரு பகுதியை மூடினார்கள். மூடிய இடத்தில் மீன் பெருகியது. வெளியே வலை போட்டவர்களுக்கும் கூடுதலாகக் கிடைத்தது. ஆனால் அந்தத் தீவில் குடியிருப்பு கிடையாது. தடையை நடத்தியது பல்கலைக்கழகம். அக்கரையிலிருந்து படகில் வந்து பிடித்தவர்களுக்கு அது யாரோ போட்ட வேலியாகவே இருந்தது. உள்ளூர் அரசியல் மாறியதும் 1984இல் தடை உடைந்தது. வெடி வைத்துப் பிடித்தார்கள், பாரை அடித்து மீனை வலைக்குள் விரட்டிப் பிடித்தார்கள். விளைவு வியப்பூட்டுவது: முன்பு பாரின் ஒரு பகுதியில் மட்டும் பிடித்தபோது கிடைத்த மொத்த மீனில் சுமார் பாதிதான், இப்போது பார் முழுக்க வலைவீசியும் கிடைத்தது.

ஆப்போவில் மக்கள் குடியிருந்தார்கள். அங்கே 1979இல் தொடங்கிய பேச்சு மூன்று ஆண்டுகள் நீண்டது. மீனவர்களைச் சுமிலோனுக்கே கூட்டிப்போய், மூடிய இடத்தில் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க வைத்தார்கள். 1982இல் சில குடும்பங்கள் மட்டும் ஒப்புக்கொண்டு, கரையோரம் சுமார் 450 மீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டை ஒதுக்கின. அது தீவின் மீன்பிடி இடத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. இடத்தைத் தேர்ந்தெடுத்ததிலும் சூட்சுமம் இருந்தது. கடற்கரையில் ஒரு ஆள் உட்கார்ந்தால் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். படகும் எண்ணெயும் வேண்டாம். குடும்பங்கள் முறை வைத்துக் காவல் இருந்தன. சில ஆண்டுகளில் பலன் தெரிந்ததும் ஊர் முழுவதும் சேர்ந்துகொண்டது. அந்தக் காப்பிடம் நிலைத்தது.

மீன்வள நிர்வாகத்தில் மக்கள் பங்கேற்பு என்று பேசும்போது இந்த இரண்டு தீவுகளையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. அறிவியல் ஒன்றுதான், கடலும் ஒன்றுதான். தடையைப் போட்டது யார் என்பதில்தான் வேறுபாடு. அமெரிக்க ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகளாகப் பிரித்துக் காட்டினார். தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும் அதில் நடுப்படிகள்; முடிவெடுக்கும் அதிகாரம் கைமாறுவது மேல்படிகளில்தான். "மக்கள் பங்கேற்புடன்" என்று அறிக்கையில் எழுதப்படும் பல திட்டங்கள் நடுப்படியிலேயே நின்றுவிடுகின்றன. கூட்டம் போடுவார்கள், தேநீர் கொடுப்பார்கள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார்கள். உண்மையில் பங்கேற்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு கேள்வி போதும். அந்த ஊர்க்குழு எப்போதாவது "இது வேண்டாம்" என்று சொல்லி, அது செல்லுபடியாகியிருக்கிறதா?

பொதுச் சொத்தை ஆளாளுக்கு எடுத்து அழித்துவிடுவார்கள் என்று 1968இல் அமெரிக்கச் சூழலியலாளர் காரெட் ஹார்டின் எழுதியது உலகம் முழுக்கப் பரவியது. மீனுக்கு அது பொருந்துவதுபோலத்தான் தெரியும். மீன் நகர்கிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை, இன்று நான் விட்டதை நாளை அடுத்தவர் பிடித்துவிடலாம். ஆனால் அந்த வாதத்தில் வரும் ஆட்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதே இல்லை. மீனவ ஊர்களில் பேச்சுக்கா பஞ்சம்? அமெரிக்க அரசியல் அறிவியலாளர் எலினோர் ஆஸ்ட்ரம் 1990இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில்தான் கை வைத்தது. பேசி, விதி வகுத்து, தாங்களே கண்காணித்து, தலைமுறைகளாகப் பொதுவளத்தைக் காத்த ஊர்களை அவர் திரட்டிக் காட்டினார். 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்கு வந்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்.

முதலில் பட்டியல், பிறகு எல்லை

வேலையைத் தொடங்கும்போது செய்யும் முதல் தவறு, படகு வைத்திருப்பவர்களை மட்டும் அழைப்பது. இந்த நீரிலிருந்து யார் யார் சாப்பிடுகிறார்கள் என்று மாதவாரியாக எழுதிப் பார்க்க வேண்டும். கடல் நீர் இறங்கும் வற்று நேரத்தில் சேற்றில் மட்டி பொறுக்கும் பெண்கள், முழங்கால் தண்ணீரில் கைவலை போடும் பிள்ளைகள், கூலிக்குப் படகேறுபவர்கள், ஆண்டுதோறும் ஒரு பருவத்துக்கு மட்டும் வந்துபோகும் பக்கத்து ஊர்க்காரர்கள், மீனை வாங்கி விற்பவர்கள். படகுகள் கணக்கில் இவர்களில் பெரும்பாலோர் வரவே மாட்டார்கள். ஆனால் கரையோரத்தை மூடினால் முதலில் அடுப்பு அணைவது இவர்கள் வீட்டில்தான். கரையிலிருந்து நடந்து போய்ப் பொறுக்கும் இடத்தைக் "காலியாகக் கிடக்கிறது" என்று படகுக்காரர்கள் சேர்ந்து மூடுவது பல ஊர்களில் நடந்திருக்கிறது. பெண்களிடம் தனியாகவும், வேலை முடிந்து அவர்கள் உட்காரும் நேரத்திலும் கேட்டால்தான் உண்மையான வரைபடம் கிடைக்கும்.

எல்லை அடுத்தது. அலுவலக வரைபடத்தில் உள்ள அட்சரேகையை இரவில் துடுப்பு போடுபவர் பார்க்க முடியாது. தண்ணீரிலிருந்து பார்த்தால் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் தெரியும் இரண்டு கரை அடையாளங்கள்தான் நம்பகமான எல்லைக்கோடு. அதற்குத் துணையாகக் கம்பு நடலாம், மிதவை விடலாம். கம்பை வெள்ளம் அடித்துப்போகும். மிதவையை யாராவது அவிழ்த்துத் தங்கள் வலைக்குக் கட்டிக்கொள்வார்கள். ஆகவே ஆண்டுக்கு இரண்டு முறையாவது எல்லையைச் சரிபார்க்க ஆளும் நாளும் குறித்துவைக்க வேண்டும். ஆற்று வெள்ளச் சமவெளியில் கூடுதல் சிக்கல் உண்டு. கோடையில் ஒரு குட்டையாக இருப்பது மழையில் வயலோடு சேர்ந்து கடலாகிவிடும். அங்கே கோடை எல்லை, வெள்ள எல்லை என்று இரண்டும் எழுதியாக வேண்டும். எழுதாத ஊர்களில் முதல் சண்டை தண்ணீர் ஏறும் வாரத்திலேயே வந்துவிடும்.

எவ்வளவு என்பதைவிட யார், எங்கே, எப்போது

மீன் குறைகிறது என்றதும் "ஆளுக்கு இத்தனை கிலோ" என்று அளவு நிர்ணயிக்கலாமே என்று வெளியிலிருப்பவர்களுக்குத் தோன்றும். கிராம மீன்பிடிப்பில் அது பெரும்பாலும் நடக்காது. ஒவ்வொரு படகையும் நிறுத்தி எடை போட ஆள் ஏது? யார், எந்த இடத்தில், எந்த நாளில், எந்த வலையால் என்பவை கண்ணால் பார்த்தே சரிபார்க்கக்கூடிய விதிகள். நிலைத்து நின்ற ஊர் விதிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

துருக்கியின் அலன்யாவில் 1970களின் தொடக்கத்தில் நல்ல இடத்துக்காக அடிதடி வரை போனது. சுமார் நூறு மீனவர்கள். பத்து ஆண்டுகள் போட்டுப் பார்த்து, திருத்தி, ஒரு முறையை உருவாக்கினார்கள். ஃபிக்ரெட் பெர்க்கெஸ் என்ற ஆய்வாளர் அதைப் பதிவுசெய்தார். ஒவ்வொரு செப்டம்பரிலும் உரிமையுள்ள மீனவர்களின் பட்டியலும், வலை போடும் இடங்களின் பட்டியலும் தயாராகும். ஒரு வலை இன்னொன்றின் மீனை மறிக்காத இடைவெளியில் இடங்கள் குறிக்கப்படும். சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஓர் இடம். செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை ஒவ்வொருவரும் நாளுக்கு ஓர் இடம் கிழக்கே நகர்வார்கள். ஜனவரியிலிருந்து மே வரை மேற்கே. வலசை போகும் மீன் எந்தப் பக்கம் திரும்பினாலும் எல்லோருக்கும் நல்ல இடம் ஒருமுறை வந்தே தீரும். இதில் காவலுக்குத் தனி ஆள் தேவையில்லை என்பதுதான் அழகு. இன்று எனக்குரிய நல்ல இடத்தில் வேறொருவர் வலை போட்டிருந்தால், அதை முதலில் பார்ப்பது நானேதான்.

தமிழ் மீனவர்களுக்கு இது புதிதல்ல. பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று நடந்துவருவது இதே தர்க்கம்: இறால் ஓடும் ஓட்டத்தில் வலை கட்டும் இடங்களைச் சீட்டு முறையில் பகிர்ந்து, முறை மாற்றிக்கொள்வது. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பில் (காயலில்) கம்பு நட்டுக் கட்டும் வலைக்கும் மீனவர் சங்கங்கள் சீட்டுப் போட்டு இடம் பிரித்துவந்தன; அந்த வழக்கத்தை இலங்கை அரசு 1958இலேயே சட்ட விதிகளாக அறிவித்தது. ஊர் விதிக்கு அரசு முத்திரை கிடைத்த பழைய உதாரணங்களில் அது ஒன்று. முறைவைப்பில் குறையும் உண்டு, அதைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. இடத்தைச் சமமாகப் பிரிக்கும், சண்டையைக் குறைக்கும். ஆனால் மொத்தத்தில் எவ்வளவு பிடிக்கப்படுகிறது என்பதை அது கட்டுப்படுத்தாது. பட்டியலுக்கு வெளியே நிற்கும் சாதியினருக்கும் குடும்பங்களுக்கும் அது மூடிய கதவு. பழவேற்காட்டிலேயே அந்த மனக்குறை நெடுங்காலமாக இருக்கிறது.

வலைக்கண் விதியைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. அளவை எப்படி அளப்பது என்பதையும் விதியிலேயே எழுத வேண்டும். வலையை நனைத்து, கண்ணை இழுத்துப் பிடித்து, எதிரெதிர் முடிச்சுகளுக்கு இடையே அளக்க வேண்டும். வலையின் வெவ்வேறு இடங்களில் இருபது கண்களை அளந்து சராசரி எடுக்க வேண்டும். ஒருவர் முடிச்சுக்கு முடிச்சு பக்கவாட்டிலும், இன்னொருவர் இழுத்துப் பிடித்தும் அளந்தால் அதே வலை ஒருவர் கணக்கில் 20 மில்லிமீட்டர், மற்றவர் கணக்கில் 40. பல ஊர்களில் வலைக்கண் தகராறு என்று நடப்பது உண்மையில் அளவுகோல் தகராறுதான். பழைய வலையை மாற்ற ஒரு பருவமாவது அவகாசம் தராமல் விதி போட்டால், கடன் வாங்கி வலை வாங்கியவர் அதை மறைத்துவைத்து இரவில் போடுவார்.

திறப்பு நாளில் நடப்பது

ஓர் இடத்தைச் சில மாதம் மூடிவைத்துத் திறப்பது எல்லா உயிருக்கும் பலன் தராது. வேகமாக வளர்ந்து, அதிகம் நகராத உயிராக இருக்க வேண்டும். மடகாஸ்கரின் தென்மேற்குக் கரையில் அண்டவடோக்கா ஊரார் 2004இல் பேய்க்கணவாய்க்காக (ஆக்டோபஸ்) ஒரு பார்த்திட்டை ஏழு மாதம் மூடினார்கள். பேய்க்கணவாயின் ஆயுள் ஒன்றிரண்டு ஆண்டுக்குள்தான். குட்டிப் பருவத்தில் மாதத்துக்கு ஏறத்தாழ இரு மடங்கு எடை போடும். எனவே இரண்டு மூன்று மாதம் பொறுத்தாலே வித்தியாசம் தெரியும். பின்னாளில் அந்தப் பகுதியில் எட்டு ஆண்டுகளில் நடந்த 36 மூடல்களை ஆராய்ந்தபோது, திறந்த மாதத்தில் மூடிய இடத்திலிருந்து கரைக்கு வந்த பேய்க்கணவாய் ஏழு மடங்குக்கு மேல் கூடியிருந்தது தெரிந்தது.

முதல் திறப்பு நாள் ஒரு பாடம். சேதி பரவி, மூடலுக்கு எந்தத் தியாகமும் செய்யாத ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து குவிந்தார்கள். வற்று நேரம் சில மணிதான். பாரின்மேல் நடந்து, பொந்துகளைக் குத்தி, பவளத்தை உடைத்து, வளர்ந்திருந்ததில் பெரும்பகுதியை முதல் சில நாட்களிலேயே எடுத்துவிட்டார்கள். இதற்குப் பிறகு ஊர்கள் கற்றுக்கொண்டவை நடைமுறைக்கு உகந்தவை. பக்கத்து ஊர்களும் தங்கள் இடத்தை அதே காலத்தில் மூடி, அதே நாளில் திறந்தால் கூட்டம் பிரியும். மொத்த மீன்பிடி இடத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மூடாமல் இருந்தால் வீட்டில் அடுப்பு எரிய வழியிருக்கும். திறக்கும் நேரத்தை ஒருவர் கொடியசைத்துச் சொல்லவேண்டும்; அதற்கு முன் யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. வாங்குபவரிடம் முன்கூட்டியே பேசி, பனிக்கட்டி தயாராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே நாளில் வரும் சரக்கு கெட்டுப்போகும் அல்லது அடிமாட்டு விலைக்குப் போகும். மடகாஸ்கர் அரசு 2005இல் 350 கிராமுக்குக் குறைந்த பேய்க்கணவாயைப் பிடிக்கத் தடைவிதித்து, ஆண்டுதோறும் ஒரு மூடுகாலத்தையும் கொண்டுவந்தது. ஊர் செய்துபார்த்தது சட்டத்துக்கு வழி காட்டிய அரிய நிகழ்வு அது.

ஆற்று மீனுக்கு வேறு வழி. லாவோஸின் தெற்கே, சம்பாசக் மாகாணத்தின் கோங் மாவட்டத்தில் 1993 முதல் 60க்கும் மேற்பட்ட கிராமங்கள் மேகாங் ஆற்றின் ஆழமான மடுக்களைக் காப்பிடங்களாக அறிவித்தன. கோடையில் ஆறு வற்றும்போது பெரிய சினைமீன்கள் ஒதுங்குவது அந்த மடுக்களில்தான். அங்கே வலை போடாமல் விட்டால், தண்ணீர் ஏறும்போது அவை வெளியேறி முட்டையிடும். எந்த மடு, அதில் எந்த மீன், எந்த மாதம் என்பதை ஊர்ப் பெரியவர்கள்தான் சொன்னார்கள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வலசை போகும் மீனுக்கு இந்தச் சிறு காப்பிடம் ஓரளவுக்குத்தான் உதவும் என்பதையும் தெரிந்தே வைத்திருக்க வேண்டும். மேலே அணை கட்டினால் கீழே உள்ள ஊர்க்குழு எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் பயனில்லை.

எண்ணுவது யார்

மக்களே நிர்வகிக்கும் மீன்பிடிப்பில் மிக முக்கியமான வேலை எண்ணுவது என்றே சொல்வேன். தடை வேலை செய்கிறதா என்பதை வெளியாள் வந்து சொன்னால் ஊர் தலையாட்டும். தானே எண்ணிப் பார்த்தால் நம்பும்.

ஃபிஜியின் உதுனிவனுவா ஊரில் 1997இல் 24 எக்டேர் சேற்றுத்திட்டையும் கடற்புல் படுகையையும் மூன்று ஆண்டுகள் மூடினார்கள். குறி 'கைகோசோ' என்ற மட்டி. பத்து ஆண், பத்துப் பெண் என இருபது பேர் கொண்ட குழு எல்லையைக் கம்பு நட்டுக் குறித்தது. எண்ணும் முறை எவரும் செய்யக்கூடியது: 100 மீட்டர் கயிற்றை நேராக விரிப்பது, பத்து மீட்டருக்கு ஒருமுறை ஒரு சதுர மீட்டர் சட்டத்தை வைப்பது, சட்டத்துக்குள் கிடைக்கும் மட்டிகளை எல்லாம் எண்ணி அளவு எடுப்பது. மூடிய இடத்திலும் அதற்கு வெளியே நீரோட்டத்தின் கீழ்ப்பக்கத்திலும் ஒரே மாதிரி செய்தார்கள். 1997இல் 5 சென்டிமீட்டர் மட்டி கிடைப்பதே அரிது. 2004க்குள் மூடிய இடத்தில் மட்டி 13 மடங்கும், அதை ஒட்டிய திறந்த இடத்தில் 5 மடங்கும் பெருகியிருந்தது. 8 சென்டிமீட்டரைத் தாண்டியவையும் சாதாரணமாகக் கிடைத்தன. வெளிப்புறத்தையும் எண்ணியதால்தான், மூடிய இடத்தின் குஞ்சுகள் வெளியே பரவி எல்லோருக்கும் பலன் வருகிறது என்பதை ஊர் கண்டுகொண்டது. மூன்று ஆண்டுத் தடை பிறகு நீட்டிக்கப்பட்டதற்கு அந்த எண்கள்தான் காரணம்.

அமேசானின் அராபைமா மீன் கணக்கு இன்னும் சுவையானது. இரண்டு மூன்று மீட்டர் வளரும் இந்த மீன் காற்றைச் சுவாசிக்கத் தண்ணீருக்கு மேலே வந்தே ஆக வேண்டும், ஏறத்தாழ ஐந்து முதல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை. அனுபவமுள்ள மீனவர் அது எழும்பும் சத்தத்தையும் அலையையும் வைத்தே ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்தறிவார். பிரேசிலின் மாமிராவா காப்புப் பகுதியில் இந்த அறிவையே முறைப்படுத்தினார்கள். ஏரியைத் துண்டுகளாகப் பிரித்து, இரண்டு எக்டேருக்கு மிகாத பரப்பில் ஒருவர் அசையாமல் 20 நிமிடம் எண்ணுவார். ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் வரை இளமீன், அதற்கு மேல் பெரிய மீன். அடையாளமிட்டு மறுபடி பிடிக்கும் அறிவியல் முறையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது மீனவர் கணக்கு மிக நெருக்கமாக ஒத்துப்போனது; செலவோ அதில் ஒரு சிறு துளி. எண்ணிய பெரிய மீன்களில் அதிகபட்சம் 30 சதவீதத்தை மட்டும் அடுத்த ஆண்டு பிடிக்க அரசு அனுமதி தரும். அமேசோனாஸ் மாநிலத்தில் 1996 முதல் அராபைமா பிடிக்கத் தடை. இப்படி எண்ணி நிர்வகிக்கும் ஊர்களுக்கு மட்டுமே விலக்கு. 1999இல் தொடங்கிய மாமிராவா ஏரிகளில் எட்டு ஆண்டுகளுக்குள் மீன் சுமார் ஒன்பது மடங்கானது.

தினசரிப் பதிவேடு இவ்வளவு கவர்ச்சியானதல்ல, ஆனால் அதுவும் வேண்டும். கிலோவை மட்டும் எழுதும் பதிவேடு ஏமாற்றும். பத்துப் படகு எட்டு மணி நேரத்தில் 200 கிலோ பிடித்தால், படகு மணிக்கு 2.5 கிலோ. அடுத்த ஆண்டு இருபது படகு பத்து மணி நேரத்தில் 300 கிலோ பிடித்தால், மொத்தம் கூடியதுபோலத் தெரியும். படகு மணிக்கு 1.5 கிலோதான். மீன் குறைந்துவிட்டது, உழைப்பு கூடிவிட்டது. ஆகவே நாள், இடம், ஆள், வலை, தண்ணீரில் இருந்த நேரம், இன வாரியாகக் கிலோ, அதோடு ஒரு முக்கிய இனத்தில் பத்து மீனின் நீளம், இவ்வளவு போதும். கட்டம் கூடக்கூட எழுதுபவர் கற்பனையில் நிரப்பத் தொடங்குவார். வாரத்தில் இரண்டு நாள், தேர்ந்தெடுத்த சில படகுகள் என்று எழுதினால் தாக்குப்பிடிக்கும். எழுதியதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெரிய தாளில் கோடாக வரைந்து ஊர் நடுவே ஒட்டாவிட்டால், எழுதுபவருக்கே அலுத்துவிடும். வரிக்குப் பயந்து குறைத்துச் சொல்வதும் நடக்கும். பதிவேடு ஊரின் கையில் இருக்கும், அதிகாரிக்குத் தொகுப்பு மட்டும் போகும் என்ற உறுதி அதனால்தான் முக்கியம்.

ஏரியில் குஞ்சு விடும் ஊர்கள்

பாசன ஏரிகளில் மீன் வளர்ப்பது வேறு மாதிரி. இங்கே இயற்கையில் இருப்பதைக் காப்பதைவிட, விட்டதை வளர்த்து எடுப்பதுதான் வேலை. ஆனால் ஊர் ஒற்றுமை அதைவிட அதிகம் தேவைப்படும். தெற்காசிய ஏரிகளில் ஆறு மாதமாவது தண்ணீர் நின்றால் கட்லா, ரோகு, மிர்கால், சாதாக் கெண்டை விரலிகளை (விரல் அளவு வளர்ந்த குஞ்சுகளை) எக்டேருக்கு 2,000 முதல் 3,000 வரை விடலாம். எக்டேர் என்பது ஏரி நிரம்பி வழியும் நாளின் பரப்பல்ல. பருவம் முழுவதற்குமான சராசரி நீர்ப்பரப்பு. நிறை பரப்பை வைத்துக் கணக்குப் போட்டால், தண்ணீர் இறங்கும்போது மீன் நெருக்கடியாகி வளராமல் நின்றுவிடும். விரலி குறைந்தது விரல் நீளம் இருக்க வேண்டும். நுண்குஞ்சு மலிவு என்று வாங்கி விட்டால் விராலும் கெளுத்தியும்தான் கொழுக்கும்.

வாங்கும் இடத்தில் ஒரு கிண்ணத்தால் அள்ளி எண்ணிக்கை சொல்வார்கள். குழுவில் ஒருவர் இடையில் ஏதேனும் மூன்று கிண்ணத்தைக் கொட்டி எண்ணிப் பார்ப்பது அவசியம். பையை ஏரித் தண்ணீரில் பதினைந்து இருபது நிமிடம் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஏரித் தண்ணீரைக் கலந்து, குஞ்சு தானாக நீந்தி வெளியேற விட வேண்டும். காலை வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும். அவசரத்தில் கவிழ்த்துக் கொட்டினால் மறுநாள் கரையில் வெள்ளையாக ஒதுங்கும். ஏரியின் மிகைநீர் வழியும் கலிங்கில் மீன் தப்பாமல் தட்டி கட்டுவார்கள். மழை நாளில் அந்தத் தட்டியில் பாசியும் செத்தையும் அடைத்துத் தண்ணீர் தேங்கினால் கரைக்கே ஆபத்து. எனவே தட்டியைச் சுத்தம் செய்யும் பொறுப்பு பெயர் சொல்லி எழுதப்பட வேண்டும். கடைசித் தண்ணீர் யாருக்கு என்பதுதான் பெரிய சண்டை: பயிருக்கு இன்னும் ஒரு நனைப்பு வேண்டும், மீனுக்கு இன்னும் ஒரு மாதம் வேண்டும். மதகுக் கல்லில் ஒரு கோடு கிழித்து, அதற்குக் கீழே இறங்கினால் அறுவடை தொடங்கும் என்று குஞ்சு விடுமுன்பே விவசாயிகளோடு ஒப்பந்தம் செய்துகொள்ளும் ஊர்களில் இந்தச் சண்டை அடங்கிவிடும். ஒரே நாளில் ஏரியை அரிக்காமல் வாரத்துக்கு இரண்டு முறை அளவாகப் பிடித்தால் விலையும் நிற்கும்.

காவலும் தண்டமும்

மீன் பெருகும் வரை காவல் எளிது. பெருகிய பிறகுதான் திருட்டு வரும். தண்டம் படிப்படியாக ஏற வேண்டும்: முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை பிடித்த மீன் பொதுவுக்கு, மூன்றாம் முறை பணம், அதற்கும் மேல் ஒரு பருவம் மீன்பிடி உரிமை நிறுத்தம். எடுத்த எடுப்பில் பெரிய தொகை என்று எழுதிவைத்தால், ஏழைமேல் அதைப் போட யாருக்கும் மனம் வராது; ஒருமுறை போடாமல் விட்டதும் விதி செத்துவிடும். குழு உறுப்பினரின் உறவினர் மாட்டும்போது யார் விசாரிப்பது என்பதை, அப்படி நடக்கும் முன்பே எழுதிவைக்க வேண்டும். வெளியூர்க்காரரின் வலையைப் பறித்தால் வேறு சிக்கல்: ஊர்த் தீர்மானத்துக்குச் சட்டம் துணை நிற்காத நாட்டில், காத்தவர்மேலேயே திருட்டு வழக்கு வரும்.

சட்டத்தின் துணை என்பது இந்த இடத்தில்தான் பொருள்படுகிறது. ஜப்பானில் 1949 சட்டம் கரையோர மீன்பிடி உரிமையை மீனவர் கூட்டுறவுகளிடமே கொடுத்தது. பிலிப்பைன்ஸில் 1991 உள்ளாட்சிச் சட்டம் கரையிலிருந்து 15 கிலோமீட்டரை உள்ளூராட்சியின் பொறுப்பில் விட்டது. வங்கதேசத்தில் நீர்நிலைகளை ஏலத்தில் எடுத்தவர் குத்தகை முடியுமுன் போட்ட பணத்தை எடுக்கப் பார்ப்பார். தண்ணீரை இறைத்துச் சினைமீனோடு வழித்தெடுப்பதும் உண்டு. அங்கே ஹைல் ஹவோர் சதுப்பில் 2003இல் பைக்கா பீல் என்ற 100 எக்டேர் நீர்நிலை குத்தகையிலிருந்து விலக்கப்பட்டு, நிரந்தரக் காப்பிடமாக ஊர் அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. கம்போடியாவிலோ டோன்லே சாப் ஏரியின் குத்தகைப் பரப்புகளை 2012இல் அரசு முழுவதுமாக ரத்துசெய்து பெரும்பகுதியைச் சமூகங்களுக்குத் திறந்தது. இடம் கிடைத்தது, ஆனால் கைதுசெய்யும் அதிகாரமும் ரோந்துப் படகுக்கு எண்ணெயும் அவர்களுக்குப் போதுமானதாகக் கிடைக்கவில்லை. முன்பு குத்தகைதாரரின் அடியாட்கள் நின்ற இடத்தில் இப்போது கையில் விசைவிளக்கு மட்டும் வைத்திருக்கும் தன்னார்வலர்.

திட்டப் பணம் மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளில் நின்றுவிடும். அதற்குப் பிறகு காவல் செலவை எது தாங்கும் என்ற கணக்கை முதல் ஆண்டிலேயே போட வேண்டும். அமேசானின் ஜுருவா ஆற்றில் இந்தக் கணக்கு எவ்வளவு நுட்பமானது என்று தெரிகிறது. அங்கே ஏரி வாயில் மரத்தாலான ஒரு மிதவை வீட்டைக் கட்டி, குடும்பங்கள் முறைவைத்து ஆண்டு முழுவதும் இரவும் பகலும் அதில் தங்குகின்றன. இப்படிக் காவல் உள்ள ஏரிகளில் சராசரியாக 300க்கும் மேற்பட்ட அராபைமாக்கள். காவல் இல்லாத ஏரிகளில் பத்துக்கும் குறைவு. வித்தியாசம் முழுக்க அந்த மிதவை வீட்டில் கண்விழிக்கும் ஆட்களால் வருவது. அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஆண்டில் சில நாள் நடக்கும் மீன் அறுவடையின் வருமானம்தான் அத்தனை இரவுகளுக்கும் கூலி. வாங்குபவர் விலையைக் குறைத்தால் மிதவை வீட்டில் ஒரு குடும்பத்தின் காவல் முறை காலியாகும். அந்தக் காவல் முறை காலியானால் வெளியாட்களின் படகு உள்ளே வரும். மீன் விலையைப் பேசி வாங்கும் கூட்டம் எண்ணிக்கை தொடங்கும் முன்பே நடந்தாக வேண்டும். காவல் முறைப் பட்டியலும் அதே கூட்டத்தில், அதே தாளில் எழுதப்பட வேண்டும்.